நல்ல கண்ணுக்குப் போட்ட ஒட்டு

வில்பட்டி ஆக்னல் இருபது வருடமாகக் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் கம்பியோரம் டெலஸ்கோப் வைத்து, ஊருக்கெல்லாம் தூரத்தைக் காட்டிப் பிழைப்பவர். வைகை அணையும் பெரியகுளமும் அவருக்கு அத்துப்படி. தம் இடது கண்ணுக்குப் பார்வை குறைவு என்பது மட்டும் நாற்பத்து மூன்று வயதுவரை அவருக்குத் தெரியாது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற தொழிலில் அது தெரியவும் வழியில்லை.

தெரியவைத்தவள் மகள் பிரின்ஸி. ஐந்தரை வயது. மே விடுமுறையில் அப்பாவோடு வந்து, காலையில் முதல் ஆளாகக் குழாயில் பார்த்து, கீழே தெளிவாக இருக்கிறதா என்று சொல்வது அவள் சோலி. அன்று வலது கண்ணில் கட்டி. இடது கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே மூட்டம் என்றாள். கொடைக்கானலில் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆக்னல் குழாய்க்கு உறை மாட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் பக்கத்துக் குழாய்க்காரர் சேனாதிபதியிடம் கூட்டம் வரிசையில் நிற்கிறது.

"ஏலே ஆக்னல், அணையோட ஷட்டர் வரைக்கும் தெரியுது. நீ உறைய மாட்டிட்டுத் திரியிற?"

ஆக்னல் மகளை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். கட்டி வந்த கண்ணில் அணை தெரிந்தது. நன்றாக இருந்த கண்ணில் மூட்டம். ஏதோ தோன்றி, தாமும் முதன்முறையாக இடது கண்ணைக் குழாயில் வைத்தார். பளீரென்று வெயிலடித்த அந்தக் காலையில் அவருக்கும் மூட்டம்தான்.

மதுரையில் டாக்டர் இருவரையும் சோதித்தார். பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் பவர் அதிகம். மற்றபடி கண்ணில் கோளாறில்லை என்றார். பார்க்கக் கற்றுக்கொள்வது மூளையாம், அதுவும் சின்ன வயதில். மங்கலான படத்தையே அனுப்பும் கண்ணை அது கண்டுகொள்வதில்லை. பஸ்ஸில் துண்டு போடுவதுபோல நல்ல கண் அதன் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஏழெட்டு வயதுக்கு மேல் அந்தக் கண்ணை எழுப்புவது கஷ்டம். ஆக்னல் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. பிரின்ஸிக்கு நேரம் இருக்கிறது, நிறைய இல்லை. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் ஒட்டுப்போட்டு மூட வேண்டும். அந்நேரம் நுணுக்கமான வேலை ஏதாவது கொடுக்க வேண்டும்.

பள்ளி விடுதியில் சமைக்கும் ஆக்னலின் மனைவி செலினாவுக்கு இது பிடிபடவில்லை. "ஒரு கால் நோஞ்சானா இருக்குன்னு நல்ல காலைக் கட்டிப் போடுவாங்களா, டாக்டர்?"

"மூளை விஷயத்துல அப்படித்தாம்மா," என்றார் டாக்டர், சிரிக்காமல்.

முதல் வாரம் வீடு ரணகளமானது. பிய்த்தெடுத்த ஒட்டுகளில் ஒன்றைப் பிரின்ஸி காலண்டர் அந்தோணியாரின் கண்ணில் ஒட்டிவிட, செலினா இரண்டு நாள் கவனிக்காமலே ஜெபித்தார். நுணுக்கமான வேலைக்கு ரேஷன் பருப்பு கிடைத்தது. பிரின்ஸி கல் பொறுக்கினாள். அவள் விட்ட கற்களையெல்லாம் குடும்பம் கடித்தது. அவள் பொறுக்கியதை மறுபடி யாரும் பொறுக்கக் கூடாது என்பது ஆக்னலின் உத்தரவு. கண் முன்னேறுகிறதா என்று அறிய அவருக்கு வேறு கருவி இல்லை.

இரண்டாம் மாதம் கல் குறைந்தது. மூன்றாம் மாதம் கல்லே இல்லை. ஆக்னல் சந்தோஷப்படவில்லை, தமக்குத் தெரியாமல் கல் பொறுக்குகிறாரோ என்று மனைவியைச் சந்தேகப்பட்டார். செலினா அவரைச் சந்தேகப்பட்டார். பொய்யான பருப்பை நம்பிக் காலத்தைக் கோட்டைவிடுகிறோமோ என்ற பயத்தில் இருவருக்கும் சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

மறுபடி மதுரை. முன்பு இடது கண்ணால் பலகையின் மேலெழுத்து ஒன்றைத்தான் பிரின்ஸி சொன்னாள். இப்போது ஆறாம் வரிசைவரை போய், அடுத்ததைப் பார்த்து, "இது ரொம்பப் பொடிசு," என்று டாக்டரைக் கடிந்துகொண்டாள். ஒட்டை இரண்டு மணி நேரமாகக் குறைக்கலாம், சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார் அவர்.

வெளியே வந்ததும் ஆக்னல் கேட்டார். "அப்ப நெசமாவே நீ பொறுக்கலையா?"

"நீங்கதான்னு நெனச்சேங்க," என்றார் செலினா.

கல்லும் சோறுமாகத் தின்ற கோபத்துக்கோ என்னவோ, ஆக்னல் அங்கேயே ஆறு பரோட்டா சாப்பிட்டார். பஸ் பத்தலகுண்டு தாண்டுமுன் தூங்கிப்போனார். மலை வளைவுகளில் அவர் தலை மனைவியின் தோளுக்கும் ஜன்னலுக்கும் போய்வந்தது. பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தியபோதும் செலினா அவரை எழுப்பவில்லை.