மச்சானுக்குக் கிடைத்த மூன்று நாள் லீவு

என் மனைவியின் அண்ணன் ஒரு பெரிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில் தலைமைச் சமையல்காரர். பத்தொன்பது வருட சர்வீஸ். கூட வேலை செய்பவர்கள் அவரைப் 'பெரிய கரண்டி' என்று கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டு ஆளைக் கற்பனை செய்துவிடாதீர்கள். மச்சான் ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய உடம்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நானூறு பேருக்கு மூணு வேளையும் பொங்கிப் போடறேன் மாப்ள, இதுக்கு மேல தனியா ஒரு குடும்பம் வேறயா?" என்பார்.

அந்தச் சமையல்கூடத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய அண்டாக்கள். சுவரில் வார்டு வாரியாகப் பலகை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வண்ணச் சீட்டு. சர்க்கரை நோயாளிக்கு மஞ்சள், மென்று தின்ன முடியாதவருக்கு நீலம். அதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாப்பிட்ட தட்டுகள் திரும்பி வந்தபோது மச்சான் செய்ததுதான் வேடிக்கை. கழுவப் போடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் குனிந்து பார்த்தார்.

"நாலாவது வார்டு, பன்னண்டாம் பெட். நேத்து பாதி மிச்சம் வச்சாரு, இன்னிக்குக் கால்வாசிதான் மிச்சம். தேறிடுவாரு" என்றார்.

ஆள் அளக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "டாக்டருக்கு முன்னாடி இவர் சொல்லிடுவாருங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

ஊரார் தட்டையெல்லாம் இப்படிப் பார்க்கிற மனிதருக்குச் சொந்த வீட்டுக்கு வர மட்டும் நேரம் இருக்காது. கிறிஸ்துமஸ் லீவைப் பிள்ளைகுட்டி உள்ள சமையல்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தான் அடுப்படியில் நிற்பார். நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஆறு வருடமாக அவருடைய அம்மா, அதாவது என் மாமியார், போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார். போன கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டார். "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்மா" என்றார் மச்சான். மார்ச் மாதம் அத்தை போய்விட்டார். தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மச்சான் வந்து இரண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமாவைத் தனியாக விட முடியாது என்று நாங்கள் அந்த வீட்டுக்கே குடிவந்தோம். நான் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவன். மாற்றல் கேட்டேன், கிடைத்தது. மாமா பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அந்தக் குடும்பத்துக்கே அது ஒரு வியாதி. ஒருவர் மனதை இன்னொருவர் நோகடிக்க மாட்டார்கள். நான் பிறந்த வீட்டில் சாப்பாடு சரியில்லை என்றால் அந்த நிமிடமே பஞ்சாயத்து கூடிவிடும். இங்கே தீய்ந்த ரொட்டியைக் கொடுத்தாலும், "நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்பார்கள்.

குடிவந்த ஒரு மாதத்தில் மாமாவின் சாப்பாடு குறைய ஆரம்பித்தது. முதலில் பாதித் தட்டு. பிறகு நாலு வாய். அப்புறம் இரண்டு. "பசியில்லம்மா" என்பார். என் மனைவி விடுவாளா? அவள் கைமணம் ஊரறிந்தது. என் சட்டைப் பித்தான்களைக் கேட்டால் சொல்லும். அப்பாவுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று முடிவுகட்டி, இன்னும் காரசாரமாக, இன்னும் சுள்ளென்று சமைத்தாள். அவர் பக்கத்திலேயே நின்று, "நல்லா இருக்காப்பா?" என்பாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்பார். சொல்லிவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளுவார். அந்த மிச்சமும் என் தலையில்தான் விழும். மாமா இளைத்தார், நான் பருத்தேன்.

டிசம்பர் முதல் வாரம் டாக்டரிடம் போனோம். எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஆனால் பதினாலு கிலோ குறைந்திருந்தார். "இப்படியே போச்சுன்னா வருஷப் பிறப்புக்கு அப்புறம் அட்மிட் பண்ணி, மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்கணும். இந்த வயசுல அதுல போனவங்க எல்லாரும் திரும்பி வர்றதில்ல" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி போனை எடுத்தாள்.

"அண்ணா, அம்மாவுக்குத்தான் வரல. அப்பாவுக்காவது வா."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

மச்சான் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில் வந்து இறங்கினார். மூன்று நாள் லீவு. ஒரு பெட்டி, அதில் பாதிக்கு மேல் கத்தியும் கரண்டியும். வாசலில் மாமாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்னப்பா இது, எலும்பு குத்துது" என்றார். "உன்ன மாதிரி ஆகிட்டேன்" என்றார் மாமா. ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் மாமா ஒரு ஜோக் அடித்தார்.

அன்று மதியமும் மாலையும் மச்சான் ஒன்றும் சமைக்கவில்லை. தங்கை சமைத்ததை அப்பா எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மாமாவின் தட்டைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாயில வச்சுட்டுத் திருப்பி வச்சிருக்காரு. பசி இல்லாதவர் கிளறிப் பார்ப்பாரு, வாயில வைக்க மாட்டாரு. இவருக்குப் பசி இருக்கு மாப்ள" என்றார் என்னிடம் மெதுவாக.

"பசி இருந்தா ஏன் சாப்பிடல?"

"அதுதான் தெரியல" என்றார். நானூறு பேரின் தட்டைப் படிக்கத் தெரிந்தவர் அப்பாவின் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சிலிருந்து வந்ததும் மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டார். "இன்னிக்கு நீ அடுப்பு பக்கம் வரக்கூடாது" என்று தங்கைக்கு உத்தரவு. காய்கறி நறுக்கிய வேகத்தைப் பார்த்து, கூட நாற்பது பேர் சாப்பிட வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். நல்லவேளை, கடைசியில் அளவு நாலு பேருக்குள் அடங்கியது. கோழி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, காய்கறி சூப். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் சொட்டு விட்டு ருசி பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பார்க்கவே கம்பீரமாக இருந்தது. எனக்கு எச்சில் ஊறியது.

மேஜையில் உட்கார்ந்தோம். ஜெபம் முடிந்தது. நான் ஒரு பெரிய கரண்டி சூப்பை வாயில் விட்டேன்.

உப்பே இல்லை. குறைவு என்று சொன்னால் பொய். கல் உப்பு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கோழியைக் கடித்தேன், அதிலும் இல்லை. உருளைக்கிழங்கு வெந்நீர் மாதிரி இருந்தது. உப்பு டப்பாவை நோக்கி என் கை தானாகப் போனது. மேஜைக்கடியில் என் மனைவி என் காலில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். கையை எடுத்துக்கொண்டேன். "சூப்பர் மச்சான்" என்றேன். நானும் அந்தக் குடும்பத்து ஆள் ஆகிவிட்டேன், வேறென்ன சொல்ல.

மச்சானும் சாப்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் கண் வழக்கம்போல் தட்டுகளின் மேல்தான்.

"மாப்ள, உங்க தட்டு ஏன் அப்படியே இருக்கு? நீங்க இந்நேரம் ரெண்டாவது ரவுண்டுல இருப்பீங்களே?"

"காலையில கேக் கொஞ்சம் அதிகமாயிடுச்சு மச்சான்."

அவர் தங்கையின் தட்டைப் பார்த்தார். அதுவும் அப்படியே இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தவர், நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"ஐயோ, உப்பு! உப்பு போடவே இல்ல!" தலையில் அடித்துக்கொண்டார். "எங்க கிச்சன்ல எல்லாமே உப்பில்லாமதான் சமைப்போம். உப்பு சாப்பிடலாம்னு இருக்கறவங்களுக்குத் தட்டுல சின்னப் பொட்டலமா வச்சு அனுப்புவோம். நானும் அதையே தின்னுதின்னு… என் நாக்குக்குத் தெரியவே இல்ல. அப்பா, சாப்பிடாதீங்க, இருங்க!"

டப்பாவை எடுத்துக்கொண்டு மாமாவின் பக்கம் ஓடினார். மாமா தன் தட்டின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டார்.

"வேணாம்டா. இப்படியே இருக்கட்டும்."

அப்போதுதான் நாங்கள் அந்தத் தட்டைப் பார்த்தோம். கோழி எலும்பு மட்டும் கிடந்தது. சூப் கிண்ணம் காலி. உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் கரண்டி வழித்த கோடுகள் தெரிந்தன.

"இன்னும் கொஞ்சம் கிழங்கு இருக்கா?" என்று கேட்டார் மாமா.

மச்சான் டப்பாவும் கையுமாக நின்றார். என் மனைவிதான் எழுந்து பரிமாறினாள். மாமா அதையும் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல் எங்களைப் பார்த்தார்.

"உங்கம்மாவுக்குப் பதினோரு வருஷமா ப்ரஷர். உப்பே ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. பசங்க பயந்துடுவாங்க, சொல்லாதீங்கன்னா. அவ மட்டும் உப்பில்லாம சாப்பிட, நான் எப்படி உப்பு போட்டுச் சாப்பிடறது? ரெண்டு பேருக்கும் ஒரே பாத்திரம். நீங்க வந்தா மட்டும் உங்களுக்குத் தனியா சமைப்பா."

நாங்கள் வரும்போதெல்லாம் அத்தை, "நீங்க சாப்பிடுங்க, நாங்க அப்புறம் உக்காரறோம்" என்று சொல்வது எனக்கு நினைவு வந்தது. உபசாரம் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அப்போ என் சாப்பாடு?" என்றாள் என் மனைவி.

"கரிக்குதும்மா" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. "வாயில வச்சா உள்ள போகல. வேற யாரோ வீட்டுல சாப்பிடற மாதிரி இருந்துது."

"ஒம்பது மாசம்! ஒம்பது மாசமா பக்கத்துல நின்னு நின்னு கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ அவ்வளவு ஆசையா சமைக்கிற. எப்படிம்மா சொல்றது?"

அவள் அழுதாள், சிரித்தாள், திட்டினாள், மூன்றையும் ஒரே மூச்சில் செய்தாள். எனக்குக் கோபம் வந்தது. மூக்கில் குழாய் மாட்டிக்கொள்ளத் தயாராக இருந்திருக்கிறாரே தவிர, மகளிடம் உப்பு அதிகம் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படியும் ஒரு நல்லவர் இருப்பாரா? இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் மச்சான் மாமாவின் காலடியில் உட்கார்ந்து, அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார். "அம்மா கூப்பிட்டப்போ ஒரு தடவையாவது வந்திருக்கணும்பா. நான் பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார். மாமா அவர் தலையைத் தடவி, "இப்போ வந்துட்டல்ல" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு, மிச்சமிருந்த கோழியில் உப்பைத் தூவிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மச்சான் கிளம்பத் தயாரானார். பத்து மணிக்கு பஸ். நான் பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அடுப்படியில் இரண்டு பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எதில் உப்பு போட்டாள், எதில் போடவில்லை என்பதில் அவளுக்கே குழப்பம். முந்தின நாள் சாப்பிட்டது ஒருநாள் கூத்தாகப் போய்விடுமோ என்று மூன்று பேர் மனதிலும் பயம்.

மாமாவின் அறைக் கதவு திறந்தது. அத்தை போனதிலிருந்து அடுப்படிப் பக்கம் காலெடுத்து வைக்காதவர், நேராக அங்கே வந்து நிலையில் கைவைத்து நின்றார்.

"என்னம்மா, இன்னும் ஆகலையா? பசிக்குது."

வாசலில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த மச்சான் அப்படியே நிமிர்ந்தார். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். ஒன்பது மாதமாக "ஒரு வாய் சாப்பிடுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தவள், கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்படி என்ன அவசரம்? வெந்தாதானே போட முடியும்? போய் உக்காருங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டாள்.

மாமா சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தார். மச்சான் ஷூவைக் கழற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.