சர்பத் போத்தல் பெற்றோல்

வீதியோரம் பெற்றோல் விற்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சாராயப் போத்தலில்தான் விற்பார்கள். காரணம் ஒன்றும் பெரிதில்லை, எங்கள் பக்கம் அந்தப் போத்தலுக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. மன்னார்ப் பக்கத்து விடத்தல்தீவில் உம்மு குல்சூமின் கடையில் அந்தக் கதை நடக்காது. சாராயம் இருந்த போத்தலை அவள் கையாலும் தொடமாட்டாள். நோன்பு முடிந்ததும் வீடு வீடாகப் போய் வெறும் சர்பத் போத்தல்களை வாங்கி வந்து, சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, அதில்தான் பெற்றோல் நிரப்பி வைப்பாள். "பெற்றோலுக்கும் ஹலால் பாக்கிற பொம்பிளை" என்று சனம் பகிடி பண்ணும். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பாள். பகிடி பண்ணுகிறவர்களும் அவளிடம்தான் வாங்குவார்கள், ஏனென்றால் அவளுடைய போத்தலில் அளவும் குறையாது, மண்ணெண்ணெயும் கலக்காது.

அவளுக்கு இந்த நல்ல பெயர் சும்மா கிடைத்ததல்ல. பதினேழு வயதில், தொண்ணூறாம் ஆண்டு, சண்டையில் விரட்டப்பட்டு ஊரைவிட்டு எழும்பிப் போன முஸ்லிம் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் கலியாணம் முடித்தாள், அங்கேயே மகள் முஸ்பிராவைப் பெற்றாள், அங்கேயே கணவர் சாஹுல் ஹமீட்டை மையவாடியில் அடக்கினாள். சண்டை ஓய்ந்த பிறகு மகளையும் இரண்டு பெட்டிகளையும் கொண்டு திரும்பி வந்தபோது, வாப்பாவின் வளவில் பற்றையும் இடிந்த கிணறும்தான் மிச்சம். இருபது வருடம் காணாத ஊரில் ஒரு பொம்பிளை தனியாகக் கடை போட்டால் ஆர் நம்பி வாங்குவார்கள்? அந்த நம்பிக்கையை அவள் போத்தல் போத்தலாகச் சேர்த்தாள்.

முதலில் நம்பி வந்தவர்கள் டொமினிக்கும் அவன் மனைவி அருள்நாயகியும். டொமினிக் ஓட்டோ ஓட்டுகிறவன். அருள்நாயகி நண்டும் கருவாடும் கொண்டு அடம்பன் சந்தைக்குப் போகிறவள். காலையில் ஓட்டோ கடைக்கு முன்னால் வேகம் குறையும்போதே பின்சீற்றிலிருந்து அவள் குரல் கேட்கும்.

"ராத்தா, சர்பத் இருக்கோ?"

"உனக்கில்லாத சர்பத்தோ, நாயகி?"

பன்னிரண்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில். இருவருக்கும் அலுக்கவில்லை. டொமினிக் போத்தலை வாங்குவான், மூடியைத் திருகுவான், டாங்கியில் கவிழ்ப்பான். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாத வருடம் வந்தது. பெற்றோல் செட்டுக்கு முன்னால் சனம் பாய் போட்டுப் படுத்தது. பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தும் ஓட்டோக்காரனுக்குக் கிடைத்தது வாரத்துக்கு ஒரு சொட்டு. உம்மு குல்சூமின் போத்தல் தட்டு நாள்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. அந்த நேரம்தான் றெனால்ட் என்றொருவன் சின்ன லொறியில் நீலக் கேன்களோடு வந்து சேர்ந்தான். ஆள் எந்த ஊர் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வாய் மட்டும் இனிப்பு.

"இது எதனோல் கலந்த பெற்றோல் அக்கா. இந்தியாவில இப்ப இதுதான் ஓடுது. சாதாரண பெற்றோலை விடப் போத்தலுக்கு இருநூறு ரூபா மலிவாத் தரலாம்."

"எதனோல் எண்டா என்ன தம்பி?"

"கரும்பில இருந்து எடுக்கிற ஒரு எண்ணெய். பழுதில்லை."

கரும்பு என்றதும் அவளுக்கு மனது இளகிவிட்டது. கேன்களை இறக்கச் சொன்னாள். சனமும் விழுந்தடித்து வாங்கியது. இருநூறு ரூபாய் குறைகிறது என்றால் அந்த வருடம் ஆர் வேண்டாம் என்பார்கள்?

முதலில் முறையிட்டது டொமினிக்தான், அதுவும் சிரித்துக்கொண்டு. "ராத்தா, முந்தி உங்கட ஒரு போத்தல்ல அடம்பன் போய்த் திரும்பி வருவன். இப்ப திரும்பி வரக்குள்ள வண்டி இழுக்குது. சர்பத்தில தண்ணி கூடிப்போச்சுப் போல."

அன்று பின்னேரம் முஸ்பிராவிடம் கேட்டாள். முஸ்பிரா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கேனின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"எதனோல் எண்டா ஸ்பிரிட் உம்மா. சாராயத்தில இருக்கிறதும் அதுதான்."

உம்மு குல்சூம் கையை உதறிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். முஸ்பிரா பின்னாலேயே போய்ச் சொன்னாள்: "இது குடிக்கிறதுக்கு இல்லைதானே உம்மா. ஒழுங்காச் செய்தா, அதுக்குத் தோதான எஞ்சினுக்கு அது நல்ல எண்ணெய்தான். பெற்றோல் அளவுக்குத் தூரம் ஓடாது, அவ்வளவுதான். மலிவு எண்டு வாங்கினாலும் கூடுதலா ஊத்தவேணும், கணக்கு ஒண்டுதான் வரும். எனக்கு அதில்ல பயம். இவன் கலந்த ஸ்பிரிட்டில தண்ணி இருந்தா அது பெற்றோலோட நிக்காது. பிரிஞ்சு அடியில போய் நிக்கும். அது எஞ்சினுக்க போனா வண்டி நிண்டிடும்."

"இன்னும் ஒரு கேன் கிடக்கே."

"மண்ணில ஊத்துங்கோ உம்மா."

அவள் ஊற்றவில்லை. இந்த இடத்தில் அவளைத் திட்டுவதற்கு ஆள் தேடத் தேவையில்லை, பிறகு அவளே போதுமான அளவு திட்டிக்கொண்டாள். அந்த ஒரு கேனுக்குள் அவளுடைய கைமுதல் முழுவதும் இருந்தது. இதை விற்று முடித்துவிட்டு இனிமேல் றெனால்டை வாசலிலும் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்தாள். பாவத்தை நிறுத்துவதற்கு நாள் குறித்துவிட்டால் பாவம் குறைந்துவிட்டதாக மனிதருக்கு ஒரு நினைப்பு.

ஆவணி மாதம், மடு மாதா திருநாளுக்கு முந்தின நாள். விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து தட்டைப் பார்த்தாள். முதல் நாள் நிரப்பிய போத்தல்களில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரற்கடை உயரத்துக்கு நிறமில்லாமல் ஏதோ நின்றது. அதற்கு மேலே பெற்றோல். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு.

மகள் சொன்னது அப்படியே கண்ணுக்கு முன்னால் நின்றது. முஸ்பிரா இன்னும் எழும்பவில்லை. உம்மு குல்சூம் ஒரு போத்தலை எடுத்துக் குலுக்கினாள். கோடு மறைந்தது. கொஞ்சம் கலங்கலாக, ஆனால் ஒரே நிறமாக நின்றது. தட்டில் இருந்த எல்லாப் போத்தல்களையும் ஒவ்வொன்றாகக் குலுக்கி வைத்தாள்.

அன்று பின்னேரம் டொமினிக் தனியாக வந்தான். "நாளைக்கு விடிய நாயகியைக் கூட்டிக்கொண்டு மடுவுக்குப் போறன் ராத்தா. ரெண்டு போத்தல் தாங்கோ." கொடுப்பதற்கு முன் அவள் இன்னொரு தடவை குலுக்கினாள்.

"என்ன ராத்தா, மருந்துத் தண்ணியோ குலுக்கிறீங்கள்?"

அவள் சிரித்தாள். சிரித்தது உண்மை. அவன் வழக்கம்போலப் பார்க்காமல் ஊற்றினான். ஓட்டோ இரவு முழுவதும் அவன் முற்றத்தில் அசையாமல் நின்றது. டாங்கிக்குள் எது எங்கே போய்ச் சேரவேண்டுமோ அது அங்கே போய்ச் சேர்ந்தது.

விடியற்காலையில் மடுவுக்கு வெளிக்கிட்டு, தலைக்குப் பூ வைக்கக் கையைத் தூக்கிய அருள்நாயகிக்குக் கை தூக்குப்படவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. அப்படியே கதிரையிலிருந்து சரிந்துவிட்டாள். அம்புலன்சுக்குப் போன் எடுத்தபோது அது வேறொரு நோயாளியோடு தூரத்தில் நின்றது. டொமினிக் காத்துக்கொண்டிருக்கவில்லை. மனைவியைத் தூக்கிப் பின்சீற்றில் கிடத்திச் சீலையால் கட்டிவிட்டு, மன்னார் ஆசுப்பத்திரிக்கு ஓட்டோவை விட்டான்.

பாப்பாமோட்டை தாண்டி வண்டி இரண்டு தரம் இருமி நின்றது. பிறகு அசையவில்லை. இரண்டு பக்கமும் வெளி. வாகனமே ஓடாத காலம். திருநாளுக்குப் போகிறவர்கள் எல்லாரும் முதல் நாளே போய்விட்டார்கள். அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவைத் தள்ளினான். தள்ளிக்கொண்டே "மாதாவே, மாதாவே" என்றான். வெயில் ஏறிய பிறகு நெல் ஏற்றப் போன ஒரு உழவு இயந்திரம் வந்தது. அதன் பெட்டியில் ஏற்றித்தான் அவளைக் கொண்டுபோனார்கள்.

உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். பார்த்திருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லோடு டொமினிக் எப்படி இருந்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

செய்தி கடைக்கு மத்தியானம் வந்தது. உம்மு குல்சூம் மிச்சப் போத்தல்களையும் கேனையும் கொண்டுபோய் வளவின் பின்னால் மண்ணில் ஊற்றினாள். ஊற்றி முடித்தும் அங்கேயே குந்திக்கொண்டிருந்தாள். தொழுகைக்கு நின்றபோது அழுகை முட்டியது. தவ்பா கேட்டாள். அல்லாஹ் மன்னிப்பான் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது, டொமினிக்கைப் பற்றித்தான் அந்த நம்பிக்கை வரவில்லை. இரண்டு தரம் அவர்கள் வீட்டுப் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் தரம் உள்ளே போய், ஒரு பாத்திரம் கஞ்சியை மட்டும் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு அவள் செட்டில் வாங்கும் சாதாரண பெற்றோலை மட்டும் விற்றாள். விலையும் கூடுதல். சனம் முணுமுணுத்தது.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை டொமினிக்கின் ஓட்டோ கடைக்கு முன்னால் வேகம் குறைத்தது. பின்சீற்றில் அருள்நாயகி தலையணையில் சாய்ந்திருந்தாள். கிளினிக்குக்குப் போகிறார்கள்.

"ஒரு போத்தல் தாங்கோ ராத்தா."

அவள் எடுத்துக் கொடுத்தாள். டொமினிக் போத்தலின் கழுத்தைப் பிடித்து, வெயில் பக்கம் திருப்பி, கண்ணுக்கு நேரே உயர்த்தினான். சரித்துப் பார்த்தான். அடியைப் பார்த்தான்.

உம்மு குல்சூம் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அண்டைக்கு நான் கோட்டைப் பாத்தனான். பாத்திட்டுத்தான் குலுக்கித் தந்தனான்."

அவன் போத்தலை இறக்கவில்லை. "தெரியும் ராத்தா. டாங்கியைக் கழட்டின அண்டைக்கே தெரியும். நீங்கள் ஏன் குலுக்கினீங்கள் எண்டு அப்பதான் விளங்கினது."

"பிறகு ஏன் தம்பி என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல?"

"கேட்டா அவள் கதைப்பாளோ?"

அப்போது பின்சீற்றில் அருள்நாயகி அசைந்தாள். இடது கையால் கம்பியைப் பிடித்து முன்னுக்குச் சரிந்தாள். கடையையும், தட்டையும், உம்மு குல்சூமையும் பார்த்தாள். கோணிய வாய் மெதுவாகத் திறந்தது.

"ச... ச..."

அதற்கு மேலே வரவில்லை. என்ன கேட்கிறாள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"உனக்கில்லாத சர்பத்தோ, நாயகி" என்றாள் உம்மு குல்சூம். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

அருள்நாயகி சிரித்தாள். டொமினிக்கும் மனைவியைத் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான். பிறகு போத்தலை இன்னொரு தரம் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் டாங்கியில் ஊற்றினான்.