கழுத்து நோகாத மிசின்

கண்டாவளை மயில்வாகனத்தாரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால், அவருடைய மாடுகளின் கழுத்தில் ஒருநாளும் புண் வந்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எதைச் சொன்னாலும் மனுசனுக்குப் பிடிக்காது. நல்ல விளைச்சல்காரர் என்றால் தலையை ஆட்டுவார். கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர் என்றால் அதற்கும் ஒரு ஆட்டு. மாட்டுக் கழுத்தைப் பற்றிச் சொன்னால்தான் முகம் மலரும், தேத்தண்ணி வரும்.

தென்மராட்சியில் வண்டில் விட்டு, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்திரண்டில் காணி கிடைத்து வன்னிக்கு வந்து, இங்கேயும் வண்டில் விட்டவர். இரண்டு சில்லு வண்டிலில் பாரம் முன்னுக்குப் போனால் நுகம் மாட்டின் கழுத்தை அமத்தும். அதனால் மூட்டைகளை ஒவ்வொரு சாணாகப் பின்னுக்கு அரக்குவார், நுகத்தைத் தூக்கிப் பார்ப்பார், மறுபடி அரக்குவார். இரண்டு விரலால் நுகம் எழும்பினால்தான் வண்டில் வெளிக்கிடும். நெல்லுக்காரன் மழை வருகிறது என்று கத்தினாலும் சரி, கதறினாலும் சரி, அவருக்கு அது காதில் விழாது.

கலியாணத்தன்றும் அப்படித்தான். பொம்பிளை மாப்பிள்ளை வண்டிலில் ஏறி, மேளம் அடங்கி, சனம் விலகியதும், புது மனுசியைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"கொஞ்சம் பின்னுக்கு அரக்கி இரும். மாட்டுக்கு நோகும்."

அன்னபாக்கியம் கூறைச் சேலையோடு பின்னுக்கு அரக்கினாள். அதற்குப் பிறகு இருபது வருசம், சந்தைக்கும் கோயிலுக்கும் செத்த வீட்டுக்கும் அவள் போனதெல்லாம் வண்டிலின் வால் பக்கத்தில்தான். முன்னால் புருசன், நடுவில் சாமான், பின்னால் புழுதியில் அவள். ஏதும் சொல்வதென்றால் கத்த வேண்டும். "அடுத்த பிறப்பிலை மாடாப் பிறந்து இவரிட்டை வரோணும்" என்று கிணற்றடியில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புத்தான், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

அறுபத்தொன்றில் மாடுகள் இரண்டும் கிழடு தட்டிவிட்டன. அவற்றை விற்க மனமில்லாமல் வளவில் மேயவிட்டுவிட்டு, மயில்வாகனத்தார் டிராக்டர் என்கிற பழைய சிவப்பு உழவு மிசின் ஒன்றும், அதன் பின்னால் இழுக்க இரண்டு சில்லுப் பெட்டி ஒன்றும் வாங்கினார். பெட்டியின் முன்பக்கம் நீண்டிருக்கும் இரும்பை ஊரில் மூக்கு என்பார்கள். மூக்கு நுனியில் ஒரு வளையம். மிசினின் பின்பக்கம் ஒரு இரும்புக் கவை. வளையத்தைக் கவைக்குள் விட்டு, மேலிருந்து ஒரு ஆணியை இறக்கினால் பெட்டி கொழுவியாயிற்று. நுகத்தடி கட்டுவதைவிட லேசு. இதில் பிழைவிட என்ன இருக்கிறது என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது.

முதல் போக நெல்லை ஏற்றிக்கொண்டு பரந்தன் மில்லுக்குப் போனார். வழக்கம்போல அரை மணித்தியாலம் மூட்டை அரக்கித்தான் ஏற்றினார். வாய்க்கால் மதகு தாண்டியதும் மிசின் திடீரென்று துள்ளிக்கொண்டு ஓடியது. நல்ல மிசின், பாரமே தெரியவில்லை என்று அவருக்குப் பெருமை. மில் வாசலில் நடராசா நின்றார். அவரும் மிசின்காரர், அடுத்த ஒழுங்கை.

"மயிலண்ணை, பெட்டி எங்கை?" என்றார் நடராசா.

மயில்வாகனத்தார் திரும்பிப் பார்த்தார். பின்னால் றோட்டுத்தான் இருந்தது.

ஒன்றரை மைல் திரும்பி வந்து பார்த்தால், பெட்டி மதகடியில் மல்லாந்து மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு கிடந்தது. நெல்லு மூட்டைகள் வாய்க்காலுக்குள். கண்டாவளை ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. அவருக்கு நெஞ்சு எரிந்தது நெல்லுக்காக இல்லை. நடராசா கண்டபடி ஏற்றுகிற ஆள். கதவைத் திறந்து முன்பலகையோடு மூட்டைகளை எறிந்து, இடம் முடிந்ததும் நிறுத்திவிடுவார். அவருடைய பெட்டி ஒருநாளும் கழரவில்லை. பார்த்துப் பார்த்து ஏற்றியவரின் பெட்டிதான் கழர்ந்தது. இது என்ன நியாயம்?

குற்றம் ஆணியில்தான் என்று முடிவுகட்டினார். தடித்த ஆணி போட்டார். அடுத்த மாதமே அது துள்ளிப் போனது. ஆணியை விட்டுக் கொழுக்கி போட்டார். போகும் வழியெல்லாம் வளையம் கொழுக்கிக்குள் எழும்பி எழும்பி அடித்து, கடைசியில் ஒரு குழியில் வெளியே வந்துவிட்டது. பிறகு ஆரோ சொன்னதைக் கேட்டு, மிசினின் பின்னால் கலப்பை தூக்கும் இரண்டு இரும்புக் கைகளுக்கும் குறுக்கே ஒரு சட்டம் போட்டு, அதில் உயரமாகக் கொழுவினார். அன்றைக்குக் குளக்கட்டு ஏறும்போது மிசினின் முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பின. அவர் பாய்ந்து இறங்கியதைப் பார்த்தவர்கள், அந்த வயதில் அப்படிப் பாயலாம் என்று தெரியாது என்றார்கள்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு வைகாசி வந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முப்பது மைல் போக வேண்டும். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்கு அன்னபாக்கியத்தின் நேர்த்திக்கடன் வேறு இருந்தது. ஒரு பின்னேரம் அவள் குசினிக்குள் இருந்தபடியே சொன்னாள்:

"நான் நடராசாவின்ரை பெட்டியிலை போறன். ஒழுங்கையில எல்லாரும் அதிலைதான் போகினம்."

"எங்கட பெட்டி இருக்கேக்கையோ?"

"எனக்குச் சாவுக்குப் பயமில்லை. பொங்கல் பானையோட நடு றோட்டிலை நான் தனிய நிக்க, நீங்கள் பாட்டுக்குப் போறதை நினைக்கத்தான் ஏலாமக் கிடக்கு."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊர் ஏறாவிட்டால் போகிறது. சொந்த மனுசி வேறொருவன் பெட்டியில் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு பின்னால் வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதா? மூன்று விதமாக மாற்றிக் கொழுவியும் முடியாத காரியம் இனி எப்படி முடியும் என்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் பஸ் ஏறிப் புளியங்குளம் போனார். சந்திக்குப் பக்கத்தில் இஸ்ஸதீனின் இரும்புப் பட்டறை. வவுனியாவிலிருந்தும் மிசின்காரர் அவரிடம்தான் வருவார்கள். இஸ்ஸதீன் நாலைந்து கொழுக்கிகளையும் ஆணிகளையும் சாக்கில் பரப்பி வைத்தார்.

"எது நல்லது, இஸ்ஸதீன் நானா?" என்றார் மயில்வாகனத்தார்.

"எல்லாம் நல்லதுதான் அண்ணை. உங்கட பெட்டி கழரேக்கை முன்னுக்குக் குத்தினதோ, பின்னுக்கு விழுந்ததோ?"

"பின்னுக்கு. மூக்கு மேலை."

"ஏத்தினாப் பிறகு மூக்கிலை எவ்வளவு பாரம் நிக்கும்?"

இந்தக் கேள்விக்குத்தான் மயில்வாகனத்தார் முப்பது வருசமாகக் காத்திருந்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு பாரமும் நிக்காது. ரெண்டு விரலாலை தூக்கலாம்."

இஸ்ஸதீன் கையிலிருந்த சுத்தியலை மெதுவாக வைத்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குப் புண்ணியம் கிடைக்க வேண்டும்.

"அண்ணை, மிசினுக்குக் கழுத்து நோகாது" என்றார். "அதுக்குப் பாரம் வேணும். மூக்கிலை பாரம் நிண்டாத்தான் பெட்டி அடங்கி வரும். நீங்கள் பின்னுக்கு ஏத்த ஏத்த மூக்கு எழும்புது. எழும்பேக்கை ஆணியையும் தூக்கிக்கொண்டு போகுது. எந்த ஆணி போட்டாலும் அதுதான் நடக்கும்."

மயில்வாகனத்தார் பக்கத்திலிருந்த வாங்குப் பலகையில் குந்திவிட்டார். நடராசாவின் பெட்டி ஏன் கழரவில்லை என்பதும் அப்போது விளங்கியது. கண்டபடி முன்பலகையோடு எறிந்ததுதான் அந்தாளைக் காப்பாற்றியிருக்கிறது.

இஸ்ஸதீன் விற்க வேண்டியதை விற்காமல் விடவில்லை. வளையத்துக்குள் அதிகம் ஆடாமலும் இறுகாமலும் நிற்கிற ஆணி ஒன்றை எடுத்தார். தலையில் பிடி, அடியில் துளை. துளைக்குள் ஒரு கிளிப்பைக் கொழுவினால் ஆணி மேலே போகாது. "பதிவாக் கொழுவுங்கோ, உயரத்திலை கொழுவாதையுங்கோ. இந்தச் சங்கிலியையும் போடுங்கோ. ஆணியை நம்பலாம், எங்கட றோட்டை நம்பேலாது."

பின்னேர பஸ்ஸில் திரும்பினார். மடியில் ஆணி பாரமாகக் கிடந்தது. முப்பது வருசம் தான் சரியென்று செய்தது மாட்டோடு சரி, மிசினோடு பிழை. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மாங்குளம் தாண்டும்போது வேறொரு நினைப்பு வந்து அந்த அவமானத்தைத் தள்ளிவிட்டது. கூறைச் சேலையோடு ஒருத்தி பின்னுக்கு அரக்குகிற நினைப்பு அது.

பொங்கலன்று விடியக் காலை நடராசாவின் பெட்டி ஒழுங்கை முகப்பில் நின்றது. சனம் ஏறிக்கொண்டிருந்தது. அன்னபாக்கியம் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு படலை வரை வந்துவிட்டாள். வந்தவள் நின்றாள்.

வளவுக்குள் புருசன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அரிசி மூட்டை முன்பலகையோடு. விறகுக் கட்டு முன்பலகையோடு. தண்ணிப் பீப்பாவையும் மூச்சு வாங்க உருட்டிக்கொண்டுபோய் முன்பலகையோடு நிறுத்தினார். பிறகு மூக்கைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் எழும்பவில்லை. திருப்தியோடு ஆணியை இறக்கி, கிளிப்பைக் கொழுவி, சங்கிலியை மாட்டினார். அன்னபாக்கியத்துக்குத் தன் கண்ணை நம்ப முடியவில்லை.

"என்ன, முன்னுக்கு ஏத்திறியள்?"

"அப்பிடித்தான் ஏத்த வேணுமாம்." பீப்பாவுக்குப் பக்கத்தில், மிசின் ஓட்டும்போது தன் முதுகுக்கு நேரே வரும் இடத்தில், மடித்துப் போட்டிருந்த சாக்கைத் தட்டினார். "நீரும் முன்னுக்கு வந்து இரும்."

அவள் அவரைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். ஒழுங்கை முகப்பில் நடராசா கோர்ன் அடித்தார். அவள் பானையைப் புருசன் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். அதைப் பார்த்து இரண்டு குடும்பம் அந்தப் பெட்டியிலிருந்து இறங்கி இந்தப் பெட்டிக்கு வந்தது. காற்று வாங்கப் பின்கதவோடு இருக்கப் போனவர்களை அன்னபாக்கியமே அதட்டி முன்னுக்குக் கூப்பிட்டாள்.

வெளிக்கிட்டதிலிருந்து அவள் கதைத்தாள். மிசின் சத்தத்துக்கு மேலால், அவர் காதுக்கு இரண்டு முழத்தில் இருந்து கதைத்தாள். மகளின் பால்கணக்கு, கிணற்றடிச் சண்டை, வாழைக்குக் கட்டாத முட்டு, இருபத்திரண்டு வருசமாகக் கத்திச் சொல்ல மனமில்லாமல் விட்டதெல்லாம் வந்தது. கதை கூடினால் எழும்பிப்போகிற மனுசன் அன்று ஒரு சொல் விடாமல் கேட்டார். அவள் குரல் கேட்கும்வரை பெட்டி பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

மதகு வந்தது. மிசின் ஏறி இறங்கியது. கதை நின்றுவிட்டது.

வெளிக்கிட்டதிலிருந்து திரும்பிப் பார்க்காத மயில்வாகனத்தார் பதறிப்போய்த் திரும்பினார். அன்னபாக்கியம் பானையை மடியில் அணைத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கிறன்" என்றாள். "றோட்டைப் பாருங்கோ."