விலை இறங்கட்டும் என்றார் அண்ணன்

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் என் வணக்கம். உங்களில் பலர் என் அண்ணனிடம் என்றாவது ஒரு நாள் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். "அண்ணாச்சி, லாரி எப்பம் வாங்கப் போறிய?" கல்யாணப் பந்தியிலும் கேட்டீர்கள், கோயில் கொடையிலும் கேட்டீர்கள். அண்ணனும் சலிக்காமல் ஒரே பதிலைச் சொன்னார். "வெல எறங்கட்டும்." அவரைக் கருமி என்று பேசியவர்கள் உண்டு. காலம் பார்த்து நடக்கத் தெரிந்த கெட்டிக்காரர் என்று மெச்சியவர்களும் உண்டு. அவர் இரண்டும் இல்லை. அவருடைய கடைசி ஆண்டுகளில் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்த தங்கை நான். நடந்ததை எழுதி வைக்க வேறு யாரும் இல்லாததால் நானே எழுதுகிறேன்.

அண்ணன் உடன்குடிக்குத் தெற்கே, தேரி என்னும் செம்மணல் மேடுகளை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பனையைத் தவிர வேறு நிழல் இல்லாத ஊர் அது. எங்கள் தகப்பனார் வீடு வீடாகக் கருப்பட்டி வாங்கிச் சந்தையில் விற்பவர். அண்ணனுக்கு மீசை அரும்பும் முன்பே அவர் காலமானார். அம்மாவையும் என்னையும் காப்பாற்றுவதற்காக அண்ணன் தூத்துக்குடிக்கு வந்து ஒரு மண்டியில் வேலைக்கு நின்றார். பெட்டி சுமந்தார், எடை போட்டார், சரக்குக்கு நடுவிலேயே படுத்து எழுந்தார். பல வருடம் அப்படி உழைத்த பிறகு சொந்தமாக ஒரு சிறிய கருப்பட்டி மண்டி வைத்தார். இரண்டு மாட்டு வண்டிகளும் வாங்கினார். என்னைக் கரையேற்றி, அம்மாவும் கண்மூடிய பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார்.

அண்ணி மணப்பாட்டுக்குப் பக்கத்து ஊர். வாயைத் திறந்தாலே சிரிப்பு வரும்படி பேசுவார். அண்ணன் பலமாகச் சிரித்ததை நான் அந்தச் சில ஆண்டுகளில்தான் கேட்டிருக்கிறேன். பிள்ளை பிறக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அண்ணி போய்விட்டார். மறுமணம் பற்றிப் பேச வந்தவர்களுக்கு அண்ணன் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அண்ணியின் தம்பி செல்லத்துரை அப்போது அந்த வீட்டில்தான் இருந்தார். திருச்செந்தூர் பஸ்ஸில் கிளீனராக இருந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர். அக்காள் போன பிறகும் அவர் அத்தானை விட்டுப் போகவில்லை. இருவரும் தாங்களே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிக் கப்பலேறினார். அடுத்த ஆண்டு என் கணவர் காலமானார். அண்ணன் வந்து, "ஏளா, பொட்டியக் கட்டு" என்றார். நான் வந்து சேர்ந்தபோது அந்த வீடு கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. எனக்கு உள்ளறையை ஒழித்துக் கொடுத்தார். தெருப்பக்கத்து அறை செல்லத்துரையினுடையது. அதில் கட்டில் கிடந்தது. விருந்தாளிகள் வந்தால்கூட அண்ணன் அவர்களை நடுவீட்டில்தான் படுக்கவைப்பார்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய மறு ஆண்டு முதல் வாய்ப்பு வந்தது. எங்கள் ஊரில் வியாபாரம் செய்த ஒருவர் கடையை மூடிக்கொண்டு சொந்த ஊருக்குப் புறப்பட்டார். அவரிடம் பின்பக்கம் திறந்த தொட்டி வைத்த சின்ன லாரி ஒன்று இருந்தது. பிக்கப் என்று சொல்வார்கள். அதிகம் ஓடாத வண்டி. அண்ணனுக்கு அது எவ்வளவு தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். உடன்குடியிலிருந்து மாட்டு வண்டியில் சரக்கு வந்து சேர்வதற்குள் வானம் இருண்டுவிட்டால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். நனைந்த கருப்பட்டி பாகாக இளகி ஓலைப் பெட்டியின் வழியே சாலையில் ஒழுகிப் போகும். அப்படி ஒரு வண்டிச் சரக்கு முழுவதும் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, அண்ணனைவிட மூத்தவர். அவர்தான் வந்து வற்புறுத்தினார்.

"தம்பி, யோசிக்காதேயும். வாங்கிப் போடும். சண்ட பெருசாயிட்டே போவுது. நாளைக்கு உம்ம கையில காசு இருக்கும், ஊர்ல வண்டி இருக்காது."

அண்ணன் போய் வண்டியைப் பார்த்தார். சுற்றி வந்தார். தொட்டியில் ஏறி நின்று பார்த்தார் என்றுகூடச் சொன்னார்கள். திரும்பி வந்து, "இருக்கட்டும் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுப்போம். வெல எறங்கும்" என்றார். அந்த லாரியை மூன்று தெரு தள்ளியிருந்த ஒரு உப்பு வியாபாரி வாங்கிக்கொண்டார்.

விலை இறங்கவில்லை. வெளிநாட்டு வண்டிகள் கப்பலில் வருவது நின்றது. பழைய வண்டியைப் புது வண்டியின் விலைக்குக் கேட்டார்கள், பிறகு அதற்கும் மேலே போயிற்று. தன் சரக்கு நனைந்த நாளில் அண்ணன் இளகிய பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி வைப்பார். அந்த உப்பு வியாபாரி தன் லாரியில் எங்கள் தெரு வழியே போகும்போது ஊர் சிரித்தது. சிங்கப்பூர் விழுந்தது, ரங்கூன் விழுந்தது, கொழும்பில் குண்டு போட்டார்கள். பட்டாளத்துக்குத் தேவை என்று சர்க்கார் பல வண்டிகளை எடுத்துக்கொண்டது. உப்பு வியாபாரியின் லாரியும் போயிற்று. உடனே அதே ஊர் அண்ணனைக் கொண்டாடியது. "அண்ணாச்சிக்கு முன்னமே தெரியும்லா!" என்றார்கள். அண்ணன் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. அன்று மாலை அவர் உப்பு வியாபாரியின் வீட்டுக்குப் போய், தம் மாட்டு வண்டிகளில் ஒன்றை அவர் தொழிலுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

குண்டு விழும் என்ற பயத்தில் தூத்துக்குடியில் பாதிப் பேர் சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் கதவுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. "அண்ணே, நாமளும் ஊருக்குப் போயிருவோமா?" என்று கேட்டேன். "நீ போளா. நான் இங்கன இருக்கணும்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் இருந்தேன். தெருவில் பால்காரரின் குரல்கூட இல்லாத நாட்கள். அண்ணன் தினமும் காலையில் கடற்கரைக்குப் போவார். கொழும்பிலிருந்து தோணி வந்தால் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் நின்று பேசிவிட்டு வருவார். வியாபார விசாரிப்பு என்று நான் நினைத்திருந்தேன். மலாயாவிலிருந்து கடிதம் வருவது நின்று போயிருந்தது. செல்லத்துரையின் பேச்சை நான் எடுத்தால், "வந்துருவான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

சீனி கிடைக்காத அந்தக் காலத்தில் கருப்பட்டிக்கு ஏக கிராக்கி. பதுக்கி வைத்தவர்கள் மாடி கட்டினார்கள். அண்ணன் வந்த சரக்கை வந்த அன்றே விற்றார். பனையேறிகளிடம் பேரம் பேச மாட்டார். "அவன் மரத்துல உசிர வச்சுப் பேரம் பேசியாச்சு, நான் தரையில நின்னு பேசக் கூடாது" என்பார்.

சண்டை முடிந்தது. எல்லோரும் எதிர்பார்த்தபடி விலை மட்டும் கீழே வரவில்லை. புது வண்டிக்குப் பெயர் எழுதிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டாளத்தார் விட்டுப் போன லாரிகளை மதுரைப் பக்கம் ஏலம் போடுவதாகத் தெரிந்து, பலசரக்குக் கடை அண்ணாச்சி அண்ணனைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். பொட்டல் நிறைய வண்டிகள் நின்றனவாம். அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து, ஏலம் கூறும்போது வாயைத் திறக்கவே இல்லையாம். திரும்பி வந்த அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றே சத்தம் போட்டார்.

"ஏத்தா, உங்க அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சிட்டு! தோதான வண்டி, நல்ல வண்டி. கைய நீட்ட மாட்டேங்காரு. இன்னும் எதுக்குத்தான் காத்துக் கெடக்காரு?"

அண்ணன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "கொஞ்சம் தண்ணி கொடுளா" என்றார்.

அதற்குப் பிறகு, ஒரு முற்பகலில், குரும்பூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வீடு விசாரித்து வந்தார். மலாயாவிலிருந்து திரும்பியவர். ஆளைப் பார்த்ததுமே அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். வந்தவர் உட்காரத் தயங்கினார்.

"செல்லத்துரையும் நானும் ஒரே தோட்டம், அண்ணாச்சி. ஜப்பான்காரன் சயாம் காட்டுல ரயில் பாத போட ஆள் பிடிச்சான். ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்துனான். அங்கன காலரா வந்துச்சு. செல்லத்துரை முதல் மழையிலயே போயிட்டான். நான்தான் மண்ணு போட்டேன்."

அண்ணன் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "அதுக்கு முன்னால தோட்டத்துல லாரிதான ஓட்டுனான்?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. அவன மாதிரி ஓட்டுதவன் அங்க யாரும் கெடையாது."

வந்தவருக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறச் சொன்னார். அவர் போன பின் அண்ணன் தெருப்பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். அழுகைச் சத்தம் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் செல்லத்துரையின் தாயாரிடம் சொல்வதற்காக அண்ணன் தனியே புறப்பட்டார். மகளையும் இழந்து, மகனுக்காகக் காத்திருந்த அத்தை அவர். பஸ்ஸை விட்டு இறங்கி, மணலில் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "அத்தை என்ன சொன்னாவ, அண்ணே?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. நீங்க சாப்பிட்டியளான்னு கேட்டாவ" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் அண்ணன் ஒரு சின்ன லாரி வாங்கினார். திருநெல்வேலியில் ஒருவர், அதுவரை யாரும் கேள்விப்படாத விலை சொன்னார். அண்ணன் ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏம் தம்பி, சல்லிசா வந்தப்பல்லாம் வேண்டாம்னீரு. இப்பம் உச்ச வெலையில போயி விழுந்திருக்கீரே! இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா என்ன?"

அன்றுதான் அண்ணன் வாய் திறந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அவன் போகும்போது, 'நான் வந்து எஞ்சின் சத்தத்தக் கேட்டுத்தான் வாங்கணும், எனக்குத் தெரியாம வாங்கிராதிய அத்தான்'னு சொல்லிட்டுப் போனான், அண்ணாச்சி. ஜப்பான்காரன் அங்க வந்த பொறவு ஒரு சேதியும் இல்ல. நான் வண்டி வாங்குனா, இனி அவன் வரமாட்டான்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்லா? அதான் வெலையச் சொல்லிட்டு இருந்தேன்."

அண்ணாச்சி தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

வண்டி ஓட்ட மணப்பாட்டைச் சேர்ந்த அந்தோணியை அமர்த்தினோம். முதல் நடை சரக்கு ஏற்றவில்லை. அண்ணனும் நானும் அத்தையை அழைத்து வரப் போனோம். இடுப்பு பிடித்துப்போன அவரால் மாட்டு வண்டியின் குலுக்கலைத் தாங்க முடியாது என்று அண்ணன் முன்பே யோசித்திருந்தார். சாலை முடிந்த இடத்தில் சக்கரம் மணலில் புதைந்தது. ஊரார் ஓடி வந்து பனையோலைகளை வரிசையாகப் போட்டு வண்டியை வீட்டு வாசல்வரை கொண்டு வந்தார்கள். அத்தை ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்து, லாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"எம் மவன் ஓட்ட வேண்டிய வண்டியாக்கும்" என்றார்.

"ஆமா அத்தை" என்றார் அண்ணன். கைத்தாங்கலாக ஏற்றி முன்னிருக்கையில் உட்காரவைத்தார். நானும் அண்ணனும் பின்னால் தொட்டியில் நின்று வந்தோம். தெருப்பக்கத்து அறையின் கட்டிலில் அத்தை அன்று படுத்தார். எங்கள் வீட்டில் மூன்று இலை விழுந்தது அன்று முதல்தான்.

அந்த லாரி எங்களுக்குக் கொஞ்ச காலமே வாய்த்தது. ஓர் ஆண்டு நிறைவதற்குள் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அந்தோணி வண்டியை மெத்தென்று ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் தலையைத் தாங்கிக்கொண்டேன். தாமிரபரணிப் பக்கத்து வயல்கள் தெரியத் தொடங்கியபோது அண்ணன் கண் திறந்து கொஞ்ச நேரம் எதையோ உற்றுக் கேட்டார். "எஞ்சின் சத்தம் நல்லாத்தான் இருக்கு. அவன் வந்திருந்தாலும் இதத்தான் வாங்கியிருப்பான்" என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தார். யாரையும் தொந்தரவு செய்யாமல் வாழ்ந்தவர், அப்படியே போனார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், உடலை ஊர் கொண்டு வந்து சேர்த்த அந்தோணிக்கும், எல்லாக் காரியங்களையும் தலைமேல் போட்டுக்கொண்டு செய்த பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கும், மாட்டு வண்டியை நினைவில் வைத்துக் குடும்பத்தோடு வந்து நின்ற உப்பு வியாபாரிக்கும், தேரியிலிருந்து நடந்தே வந்த பனையேறிகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும்.

லாரியைப் பலர் விலைக்குக் கேட்டீர்கள். விலை இன்னும் ஏறும், பொறுத்துக் கொடு என்று வேண்டியவர்கள் சொன்னார்கள். நான் பொறுக்கவில்லை. அந்தோணிக்கே கொடுத்துவிட்டேன். முடிந்தபோது முடிந்ததைத் தருவார்.

இப்போது வீட்டில் நானும் அத்தையும் இருக்கிறோம். அத்தைக்குக் காது மந்தம். எனக்கும் பேச்சு குறைவு. கடைவீதிக்கு, துறைமுகத்துக்கு, கோர்ட்டுக்கு என்று எதற்காவது தூத்துக்குடிக்கு வருகிறவர்கள், விசேஷம் ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒரு எட்டு வீட்டுக்கு வந்து போங்கள். முன்கூட்டிச் சொல்லி அனுப்ப வேண்டாம். உலையில் எப்போதும் ஒரு பிடி அதிகமாகவே போடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கை