எஸ் அடித்து என்டர்

வெட்டு மெஷினில் என் வலக்கை ஆள்காட்டி விரல் பாதி போனது. பாளையங்கோட்டையில் ஒரு அச்சகம். அங்கே தாள் வெட்டுவது என் வேலை. காயம் ஆறியதும் முதலாளி அண்ணாச்சி என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். நான் படித்தது எட்டாவது.

"ஆறு மாசம் பாப்பேன்வே. சரிப்படலேன்னா பைண்டிங்ல பசை தடவப் போயிரும்" என்றார்.

டைப் அடிக்க வந்துவிட்டது. மௌஸ் வரவில்லை. குட்டை விரல் சறுக்கும். ஒரு வரியைப் பிடித்தால் மூன்று வரி இழுபடும். அதை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்யப் பழகினேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டி வரும். அதில் ஒரு ஸ்டைலின், அதாவது எழுத்தின் அளவும் தடிப்பும் சேர்ந்த அமைப்பின், பெயரை அடித்து என்டர் தட்டினால் அந்த வரி அதன்படி மாறும். பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு அதிகம் வருவது கோயில் ஆராதனைப் புத்தகம். கிறிஸ்தவர்களும் இங்கே கோயில் என்றுதான் சொல்வார்கள். போதகரை ஐயர் என்பார்கள். ஐயர் சொல்வது சாதா எழுத்து. சபை சேர்ந்து சொல்வது தடித்த எழுத்து. ஐயருக்கு ஏ, சபைக்கு எஸ் என்று பெயர் வைத்தேன். எனக்கு அது போதும்.

"என்ன மந்திரம்வே போடுதீரு?" என்பார் அண்ணாச்சி. சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஆறாவது மாதம் ஒரு கல்யாண ஆராதனைப் புத்தகம். இருபத்து நான்கு பக்கம். மறுநாள் காலையில் கல்யாணம். அச்சுக்குப் போகும் நேரத்தில் பெண்ணின் அம்மா வந்தார். டீச்சர்.

"சாத்தான்குளத்துல இருந்து எங்க பெரியவங்க வாராவ அண்ணாச்சி. இந்தச் சின்ன எழுத்து அவுக கண்ணுக்குத் தெரியாது. சபை சொல்லுதது பெருசா வேணும்."

அண்ணாச்சி என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். மௌஸைப் பிடித்தார். மொத்தப் புத்தகத்தையும் தடித்த எழுத்தாக்கினார். பெரிதாக்கினார்.

"முடிஞ்சுது."

டீச்சர் திரையை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் தடியா இருந்தா எல்லாரும்லா சேந்து வாசிப்பாவ? பொண்ணைக் கட்டிக்கிடச் சம்மதமான்னு ஊரே சேந்து கேட்டா மாப்பிள்ளை ஓடிர மாட்டாரா?"

அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. "ஒவ்வொரு வரியா மாத்தணும்னா இன்னைக்கு முடியாது" என்றார்.

"எந்திரிங்க அண்ணாச்சி" என்றேன். அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கண்ட்ரோல், இசட். இரண்டு தடவை. அவர் செய்தது போயிற்று. எஸ் என்ற ஸ்டைலைத் திறந்து அளவை மட்டும் கூட்டினேன். என்டர். சபையின் வரிகள் எல்லாப் பக்கத்திலும் பெரிதாயின. ஐயரின் வரிகள் அசையவில்லை. நாலு பக்கம் கூடியது. அவ்வளவுதான்.

அண்ணாச்சி குனிந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இப்பிடி ஒண்ணு இருக்குன்னு ஏன்வே சொல்லல?"

"நீங்க கேக்கல."

காலையில் புத்தகக் கட்டை நானே கோயிலில் இறக்கினேன். நான் கும்பிடும் சாமி வேறு. இருந்தாலும் வாசலில் நின்றேன். ஐயர் ஒரு வரி சொன்னார். சபை அடுத்த வரியைச் சொன்னது. ஒரு குரல் முந்தவில்லை, ஒரு குரல் பிந்தவில்லை. சாத்தான்குளத்துப் பெரியவர்கள் புத்தகத்தைக் கண்ணருகே தூக்கவில்லை. மடியில் வைத்தே வாசித்தார்கள். கடைசி வரி வரை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அச்சகத்தில் என் மேசை மேல் மௌஸ் இல்லை. அண்ணாச்சி கழற்றி அலமாரியில் வைத்திருந்தார்.

"உமக்கு எதுக்குவே அது?" என்றார்.

உட்கார்ந்தேன். அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.