அண்ணன் வந்து சேராத படம்

நாடு விட்டு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் குடியிருந்த காலத்தில், அப்பாவைத் தவிர ஒருவரும் பார்த்திராத, ஆனால் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு படம் இருந்தது. மட்டக்களப்பில் அவர் சிறுவனாக இருந்தபோது தியேட்டரில் பார்த்தது. பெயர் அவருக்குச் சரியாக நினைவில்லை. ‘அந்தக் கப்பல் படம்’ என்பார். கதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் வரும்.

ஒரு விதவைத் தாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் உழைப்பதற்காகக் கப்பலேறுகிறான். இளையவன்மேல் கொலைப்பழி விழுகிறது. அதே நேரத்தில் கப்பல் புயலில் உடைகிறது. மூத்தவன் ஒரு பலகையைப் பிடித்து நீந்திக் கரையேறி, ஈரச் சட்டையோடு நீதிமன்றக் கதவைத் தள்ளித் திறந்து, “அவன் என்ட தம்பி!” என்று கத்துகிறான். அதோடு வழக்கு முடிந்துவிடும். உண்மையில் கொலை செய்தது யார் என்று அப்பாவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அண்ணனும் தம்பியும் வீட்டுக்குப் போகிற வழியில் தாய்க்கு ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டு போவார்கள். அத்தோடு படம் சரி.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. குளித்துவிட்டு வருகிற தம்பி தலையைத் துவட்டாமல் வந்து, நான் இருக்கும் அறைக் கதவை உதைத்துத் திறந்து, அந்த வசனத்தைப் பள்ளிக்கூடத்தில் பேசும் பிரெஞ்சில் கத்துவான். அவன் இளையவன் என்பதும் நான் பெண் என்பதும் அந்த விளையாட்டுக்குத் தடையாக இருக்கவில்லை. ஈரம் சொட்டிய தரையைத் துடைத்தது அம்மா.

எங்கள் தெருமுனையில் ஒரு டிவிடிக் கடை இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நடத்தினார். அவரைக் காணும்போதெல்லாம் அப்பா கதையின் தொடக்கத்தைச் சொல்லி, இது என்ன படம் என்று கேட்பார். ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, அப்பா ஒரு டிவிடியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். சப்பாத்தைக் கழற்ற முன்னமே, “கிடைச்சிட்டு!” என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சோபாவில் உட்கார்ந்தோம். தியேட்டர் போல இருக்கவேண்டும் என்று அப்பா திரைச்சீலையை இழுத்து மூடினார். அம்மா கச்சான் கடலையை வறுத்துக் கடதாசிச் சுருளில் தந்தார். படம் தொடங்கியது. கறுப்பு வெள்ளை. தம்பி, டிவி பழுதாகிவிட்டதா என்று கேட்டான். அப்பா உட்காரவேயில்லை. நடிகர்கள் வாயைத் திறக்குமுன் வசனத்தைச் சொன்னார். கப்பல் புறப்படும்போது தாய் ஓடிவந்து விழுவாள் என்றார், விழுந்தாள். அவர் சொன்னதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அப்பாதான் அந்தப் படத்தை எடுத்தவர் என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது.

இடைவேளை என்று எழுத்து விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாம் குழம்பிப்போயிற்று.

கப்பல் மூழ்கியதாகத் தந்தி வந்தது. தாய் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அது பொய்த் தந்தி. அவன் வருவான்” என்று அப்பா எங்களுக்குச் சொன்னார். ஆனால் தம்பிக்காரன் நீதிபதியின் மகளோடு ரோசாத் தோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தான். கொலை நடந்தது, வழக்கு வந்தது. அப்பா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“இப்ப பாருங்க. கதவு திறக்கும்.”

கதவு திறந்தது. ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். நீதிபதியின் மகள் சாட்சி சொன்னாள். கல்யாணம் நடந்தது. சுபம்.

“மூத்தவர் எங்க?” என்று தம்பி கேட்டான். அப்பா படத்தைப் பின்னுக்கு ஓட்டினார். மறுபடியும் கதவு திறந்தது, மறுபடியும் அதே போலீஸ்காரர். “படத்தை வெட்டிப்போட்டானுகள்” என்று சொல்லிக்கொண்டு அப்பா ஜாக்கெட்டை மாட்டினார். நானும் பின்னால் ஓடினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா தொப்பி போட மறந்திருந்தார்.

கடைக்காரர் டிவிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணை, இது முழுப்படம். நானே ரெண்டு தரம் பாத்தனான். மூத்தவன் கப்பலோட சரி.”

“சரியில்ல. அவன் வந்து சேர்ந்தவன்.”

“இல்லை அண்ணை, செத்துப்போறான்.”

“அவன் சாகல்ல!” என்று அப்பா கத்தினார். தொலைபேசி அட்டை வாங்க வந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அப்பா யாரோடும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு படத்துக்காக இப்படிக் கத்துகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. “காசைத் திருப்பித் தாறன் அண்ணை” என்று கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். அப்பா டிவிடியைப் பறித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் டொரோண்டோவில் இருந்த மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். மாமி அப்பாவின் அக்கா. எல்லோரும் கேட்கவேண்டும் என்பதால் அவரோடு எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பது வழக்கம்.

“அக்கா, நானும் அண்ணனும் கப்பல் படம் பார்க்கப் போனதில்லையா? அதில மூத்தவன் திரும்பி வந்தவன்தானே?”

“எனக்கென்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பாதியிலதானே வந்தீங்க.”

“பாதியிலயா?”

“ஓம் மனே. டவுனில வெடிச் சத்தம் கேட்டு, படத்தை நிப்பாட்டி எல்லாரையும் வெளிய அனுப்பிட்டானுகள். நீ அழுத அழுகை! அண்ணன்தான் உன்னச் சைக்கிளில வச்சிக் கொண்டுவந்தவர். அவர் அதுக்கு முதலே ஒருக்காப் பார்த்த படம். வழி முழுக்க மிச்சக் கதையச் சொல்லிச் சொல்லித்தான் உன்ன ஆத்தினவர். வீட்டு வாசலுக்கு வந்தும் கதை முடியல்ல. தயிர் வாங்கினதெண்டெல்லாம் சொல்லிக்கொண்டு நிண்டவர்.”

அப்பா ரிசீவரை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். பிறகு அவர் கதைத்தது எங்களுக்குக் கேட்கவில்லை.

மாமி சொன்ன அந்த அண்ணன்தான் எங்கள் பெரியப்பா. அவரை நாங்கள் பார்த்ததில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று மட்டும் தெரியும். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் வரவேண்டியிருந்தது. கீழ்வீட்டு அன்ரியின் கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். என் வகுப்புத் தோழியின் அம்மம்மாவை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பாவும் அப்படி வரவேண்டிய ஒருவர். “அண்ணன் வந்தா இந்த அறை காணாது, வேற வீடு பார்க்கணும்” என்று அப்பாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு என் குழப்பமெல்லாம் படத்தைப் பற்றியதுதான். எந்தக் கதை சரியான கதை? பெரியப்பா ஏன் இல்லாததைச் சொன்னார்? அப்பா அதை எப்படிக் கண்ணால் பார்த்ததாக நினைத்தார்? அம்மாவிடம் கேட்டேன். “பேந்து கதைப்பம், போய் விளையாடு” என்றார். அம்மா யாழ்ப்பாணம், ‘பிறகு’ என்பதற்கு அவர் சொல்லும் அந்தப் ‘பேந்து’ ஒருநாளும் வந்ததில்லை. அதற்குப் பிறகு அப்பா கப்பல் படத்தின் கதையைச் சொல்லவில்லை. தம்பி கேட்டால், “அதான் பார்த்திட்டீங்களே” என்பார்.

அந்தக் கோடையில் ஆடி அமாவாசை வந்தது. அப்பா ஆண்டுதோறும் அன்று விரதமிருந்து, கோயிலுக்குப் போய் அப்பப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார். அன்று யாருடைய பெயரைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்: செத்துப்போனவர்களின் பெயரை. மண்டபத்தில் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் அப்பாவிடம் வந்து பெயர் கேட்டார். அப்பா அப்பப்பாவின் பெயரைச் சொன்னார். ஐயர் அடுத்தவரிடம் நகரப்போனார்.

“இன்னொரு பேர் இருக்கு ஐயா” என்றார் அப்பா.

ஐயர் குனிந்து காத்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பா பெரியப்பாவின் பெயரைச் சொன்னார்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்பா குனிந்து தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றோடு இருக்கிறார், வேலைக் களைப்பு வேறு, அதுதான் பெயர் மாறிப்போயிற்று என்று எனக்குப் பட்டது. இன்னும் வரவேண்டிய ஒருவரின் பெயரை இங்கே சொல்லக்கூடாதே. பேருந்தில் வீட்டுக்கு வரும்போது அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பிழையாகச் சொல்லிவிட்டீர்கள் என்று அவருக்குச் சொல்வதா, அல்லது இத்தனை பேர் பார்க்க வெட்கப்படுவார், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா என்று இறங்கும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.