அணியம் தாழும்போது

அது எந்த ஆண்டு என்று எங்கள் வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். என் கணக்கு இதுதான்: விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் நோன்பு மாதம் முழுவதுமாக அடங்கிவிட்ட ஆண்டு, நான் ஆறாம் வகுப்பு முடித்து ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடை. போட்டி நடந்தது நோன்புப் பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தா சவுதியில் இருந்தார். அவருடைய தம்பியான சாச்சாதான் எங்கள் படகை ஓட்டினார். தடைக்காலத்தில் படகு திருப்பாலைக்குடிக் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நங்கூரத்தில் சும்மா கிடந்தது. கைப்பேசிக்கு அங்கேதான் நல்ல சிக்னல், அங்கேதான் திட்ட ஆளில்லை. ஆகவே சாச்சாவின் துப்பாக்கி விளையாட்டுப் படை அந்தப் படகில் கூடியது: சாச்சா, மாமா மகனான மச்சான், படகில் வேலை பார்க்கும் இருவர். கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் ஏறுவார்கள். இருவரில் ஒருவருக்குக் கண்வலி வந்து திரையைப் பார்க்க முடியாமல் போனதும் அந்த இடத்துக்கு நான் வந்தேன். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை.

"மாமா, சின்னப்புள்ளய வச்சுக்கிட்டு என்னத்த ஆடுறது?"

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்குல்ல? போதும்டா" என்றார் சாச்சா.

விளையாடாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டில் துப்பாக்கி தொடர்ந்து சுடும்போது உதைக்கும். குறி மேலே மேலே ஏறிப்போகும். முதல் குண்டு நெஞ்சில் பட்டால் ஐந்தாவது குண்டு தென்னை மரத்து உச்சியில் படும். ஏறும் குறியைக் கீழே இழுத்துப் பிடிப்பதுதான் வித்தை. விரலால் இழுக்கலாம், அல்லது கைப்பேசியையே முன்னால் சாய்க்கலாம், சாய்த்தால் குறியும் தாழும். எனக்குச் சாய்ப்பதுதான் வாய்த்தது.

பிற்பகலில் கிழக்கே கடலிலிருந்து கொண்டல் காற்று எழும்பும். படகின் முன்பக்கமான அணியம் ஏறி ஏறி இறங்கும். நான் அணியத்தைப் பார்த்து உட்கார்ந்து சுட்டுப் பழகினேன். அது ஏறும்போது சுட்டால் குண்டெல்லாம் வானத்துக்குப் போயிற்று. இறங்கும்போது சுட்டால் படகோடு சேர்ந்து நானும் கைப்பேசியும் முன்னால் சாய்வோம். துப்பாக்கி மேலே உதைக்கும், கடல் கீழே அமுக்கும், குறி ஆணி அடித்ததுபோல் நிற்கும். ஒரு பத்தாம் நோன்புக்குப் பிறகு நான் யோசிப்பதைக்கூட விட்டுவிட்டேன். உடம்பு தானாகக் காத்திருந்து தானாகச் சுட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் தாகத்தோடு, எதிரிகளை வரிசையாகச் சாய்த்தேன். மச்சான் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டான்.

இதற்கிடையில்தான் அத்தா சாச்சாவுக்கு சவுதி விசா ஏற்பாடு செய்திருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சாச்சா போய்விட்டால் படகு இல்லை, படை இல்லை, என்னை "தளபதி" என்று கூப்பிட ஆளில்லை.

அசர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றும் நேரம். தூக்குவாளிகளோடு ஊரே வரிசையில் நின்றது. திருவாடானையில் இந்தத் துப்பாக்கி விளையாட்டுக்குப் போட்டி அறிவித்திருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த ஊர்ப் படையை யாரும் தோற்கடித்ததில்லை என்றும் சொன்னார்கள். சாச்சா சட்டென்று உரத்த குரலில் சொன்னார்:

"அந்தப் பயலுகள நாங்க ஜெயிச்சுட்டா நான் சவுதிக்குப் போகல. இங்கனதான் இருப்பேன்."

முன்னால் நின்ற பெரியவர் திரும்பினார். "ஏலே, பந்தயம் ஹராம்டா."

"பந்தயம் இல்ல மாமு, வாக்கு."

"நோன்பு வாயோட சொல்ற. மாத்திப் பேச முடியாது, பாத்துக்க."

"மாத்த மாட்டேன் மாமு. எல்லாரும் சாட்சி" என்று சாச்சா வரிசை முழுவதையும் பார்த்தார். நோன்பு வாயால் சொன்னதை எங்கள் ஊரில் எவரும் திரும்ப வாங்க மாட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாச்சாவை ஊரில் நிறுத்தும் வேலை என் இரண்டு கைகளுக்கு வந்துவிட்டது.

திருவாடானையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரெதிராக இரண்டு படைகள், சுவரில் பெரிய திரை. மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றால் வெற்றி.

முதல் ஆட்டத்தில் என் குண்டு ஒன்றுகூட எவன் மேலும் படவில்லை. எல்லாம் வானத்துக்குப் போயிற்று. கை நடுங்கவில்லை, பயமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் எதற்கோ காத்திருந்தேன், அது வரவேயில்லை. பெரிய திரையில் என் துப்பாக்கி மேகத்தைப் பார்த்து வெடித்ததை மண்டபமே பார்த்தது.

"என்னா தாயி, கொக்கு சுடுறியா?" என்றான் எதிர்ப்படைக்காரன் ஒருவன்.

"கடக்கரைக்காரக, பழக்கம் விடுமா?" என்றான் இன்னொருவன். சிரிப்பு கூரையில் மோதியது. தோற்றோம்.

இரண்டாம் ஆட்டத்தில் சாச்சா சீக்கிரமே சுடப்பட்டுவிட்டார். இனி அவருக்கு வேலையில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றார். நான் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முதுகைப் பார்த்தார் என்று பிறகு சொன்னார். முதுகு மெல்ல முன்னால் போய் நின்று, எதையோ எதிர்பார்த்து, பிறகு ஏமாந்ததாம்.

"ஏ புள்ள! நீ அலைக்குல்ல காத்துக்கிட்டு இருக்க!"

மறுநொடி என் நாற்காலியின் பின்கால்கள் தரையை விட்டு எழும்பின. நான் முன்னால் சாய்ந்தேன். சுட்டேன். குறி ஆணி அடித்ததுபோல் நின்றது. எதிரே ஒருவன் விழுந்தான். நாற்காலி இறங்கியது, ஒரு மூச்சு, மறுபடி எழும்பியது. அதே கொண்டல், அதே ஏற்றம், அதே இறக்கம். இன்னொருவன் விழுந்தான். இஞ்சினும் டீசலும் இல்லாமல் மண்டபத்தின் நடுவே எங்கள் படகு ஓடியது.

"ஏலே, புள்ளயத் தூங்க வைக்கிறாக பாருங்கடா!" என்று கத்தியவன்தான் கடைசியாக விழுந்தான்.

ஜெயித்துவிட்டோம். உடனே சண்டை. இது கள்ளாட்டம் என்றார்கள் திருவாடானைக்காரர்கள். போட்டி நடத்தியவர் விதிகள் அச்சடித்த தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"நாற்காலிய ஆட்டக் கூடாதுன்னு இதுல இல்லையேப்பா."

"அப்ப எங்க நாற்காலியயும் ஆட்டுவோம்ணே!"

"ஆட்டுங்க, யாரு வேணாம்னா?"

மூன்றாம் ஆட்டம் தொடங்கியது. தொடங்கியதுமே சாச்சா செய்த காரியத்தை நான் இன்னும் வியக்கிறேன். மறைவிடத்திலிருந்து வெளியே ஓடி, வெட்டவெளியில் நின்று, இங்கே சுடு என்பதுபோல் குதித்தார். எதிரிகள் ஒரு கணம் திகைத்தார்கள், பிறகு சுட்டார்கள்.

"மாமா, பைத்தியமா ஒங்களுக்கு?" என்று மச்சான் அலறினான்.

"நீ ஆடு மாப்ள. நான் படகோட்டுறேன்."

வந்து நாற்காலியைப் பிடித்தார். மூவர் நாங்கள், நால்வர் அவர்கள். எதிர்ப்பக்கத்திலும் வேடிக்கை பார்க்க வந்த அவர்களுடைய ஊர்க்காரர்கள் பிடித்து ஆட்ட, நாற்காலிகள் தடதடவென்று ஆடத் தொடங்கின. ஆட்டத் தெரியாமல் ஆட்டியதில் அவர்களுடைய குண்டுகளும் வானத்துக்குப் போயின. மச்சான் ஒருவனைச் சாய்த்துவிட்டு விழுந்தான். படகுக்கார அண்ணன் இன்னொருவனைச் சாய்த்துவிட்டு விழுந்தார். நான் தனி. எதிரே இருவர், இருவரும் ஒரே வீட்டுக்குள்.

"பொறு" என்றார் சாச்சா என் காதருகே. அவருடைய மூச்சு சுட்டது. "பொறு... பெரிய அலை வருது... இப்ப!"

நாற்காலி அவ்வளவு உயரம் எழும்பியதில்லை. முகங்குப்புற விழப்போகும் சாய்வில் நான் விசையை அமுக்கிக்கொண்டே இருந்தேன். வாசலில் ஒருவன். அவனுக்குப் பின்னால் வந்த மற்றவன். குண்டு தீர்ந்தபோது திரை எங்கள் பெயரைக் காட்டியது. நாற்காலியின் பின்கால் ஒன்று முறிந்து, சாச்சாவும் நானும் தரையில் கிடந்தோம். சாச்சா எழுந்திருக்காமல் கூரையைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஒரு தடவை சொல்லி நிறுத்தவில்லை.

அன்று மாலை அத்தாவின் அழைப்பு வந்தது. சாச்சா கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருடைய குரல் உடைந்திருந்தது.

"என்ன செய்யச் சொல்ற அண்ணே? எனக்கு மட்டும் வரணும்னு ஆசையில்லையா? கஞ்சி வாங்கப் போன எடத்துல, நோன்பு வாயோட, ஊரே கேக்கச் சொல்லிட்டேன். தோத்துருவோம்னுதான் சொன்னேன். ஒம் மக ஜெயிச்சுப் போட்டாளே, நான் என்ன பண்ணுவேன்?"

ஜெயித்த என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இப்படியும் இரக்கமில்லாமல் இருப்பார்களா என்று அவர்மேல் கோபம் வந்தது.

மஃரிப் தொழுகை முடிந்ததும் இரண்டு கைகளையும் ஏந்தினேன். யா அல்லாஹ், என்னால் கெட்டுப்போன சாச்சாவின் ஆசையை நீதான் நிறைவேற்ற வேண்டும், அடுத்த வருடமாவது அவருக்கு ஒரு நல்ல விசா கிடைக்கச் செய் என்று மனமுருகிக் கேட்டேன்.